காவலுக்கு ஒரு பெட்ரோல் கார்

போன மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மூவருமே ஆபீஸில் என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்கள். மூவருமே கான்டீனில் காபி டம்ளரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அக்கம்பக்கம் பார்த்து, ஏதோ பெண் பார்க்கப் போன விஷயம் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"ஸார், எலெக்ட்ரிக் கார் புக் பண்ணிட்டேன். பழைய பெட்ரோல் வண்டியை வித்துடலாமா? இல்ல, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டுமா?"

அந்த 'இருக்கட்டுமா'வில் ஒரு கெஞ்சல் இருக்கிறது, கவனியுங்கள். 'இருக்கட்டும்' என்று யாராவது சொல்லிவிட்டால் நிம்மதியாக எழுந்து போய்விடுவார்கள். என்னிடம் கேட்கக் காரணம், மடிப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருந்துகொண்டு 2023-லிருந்து இரண்டு கார் வைத்துக் குடித்தனம் நடத்தியவன் நான். கேட்பதற்கு ஜமீன்தார் மாதிரி இருக்கும். ஒன்றுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னொன்று 2010-ல் வாங்கியது. அதன் ஹாரன் மழை நாளில் மட்டும் தானாக அடிக்கும்.

முதலில் சந்தேகமே இல்லாத கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து அம்பத்தூர் ஆபீஸுக்குப் போய்வர ஒரு நாளைக்கு 44 கிலோமீட்டர். மாதம் சுமார் 1,000. என் பெட்ரோல் கார் டிராஃபிக்கில் லிட்டருக்கு 14 கொடுக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 7,000 ரூபாய் புகையாகப் போகும். எலெக்ட்ரிக் கார் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுகிறது. மாதம் 150 யூனிட் போதும்.

இதில் ஒரு சூட்சுமம். நம்ம ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் படிப்படியாக விலை ஏறும். கார் குடிக்கிற 300 யூனிட், ஃபிரிட்ஜ், ஏ.ஸி. எல்லாவற்றுக்கும் மேலே போய் உட்காரும். அதனால் சராசரி விலையைப் பார்க்காதீர்கள், உச்சிப் படியின் விலையைப் பாருங்கள். யூனிட் பத்து ரூபாய் என்று போட்டாலும் மாதம் 1,500 ரூபாய்தான். ஏழாயிரம் எங்கே, ஆயிரத்து ஐந்நூறு எங்கே!

இவ்வளவு லாபமான மாட்டைக் கட்டிய பிறகும் பழைய மாட்டை ஏன் அவிழ்த்துவிட மனசு வரவில்லை? பயம். வேறொன்றும் இல்லை. 'கரண்ட் போயிட்டா? நடு ராத்திரி யாருக்காவது உடம்பு முடியாம போயிட்டா? சார்ஜ் இல்லைன்னா?' இந்த மூன்று 'டா'வுக்காகத்தான் லட்சக்கணக்கான ரூபாய் இரும்பு, தமிழ்நாட்டு அபார்ட்மென்ட்களின் தரைத்தளத்தில் கவர் போர்த்திக்கொண்டு தூங்குகிறது.

எங்கள் பில்டிங்கின் மூன்றாவது மாடி ஸாரும் என்னைப் போலத்தான். ரிட்டயர் ஆனவர். மகன் வற்புறுத்தி எலெக்ட்ரிக் கார் வாங்கிக் கொடுத்தான். ஆனால் பழைய பெட்ரோல் காரை விடவில்லை. "தம்பி, அது எமர்ஜென்ஸிக்கு" என்பார்.

ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு ஒரு வழிபாடு நடக்கும். லுங்கியில் இறங்கி வருவார். கவரை விலக்குவார். உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். ஐந்து நிமிடம் அப்படியே உறுமவிட்டு, ஆஃப் செய்து, கவரை மூடிவிட்டு, கடமையை முடித்த முகத்தோடு பேப்பர் படிக்கப் போய்விடுவார். தீபாராதனை ஒன்றுதான் பாக்கி.

ஒரு நாள் ராத்திரி ஒன்றே கால் மணிக்கு அவர் மனைவிக்கு நெஞ்சு வலி. வியர்த்துக் கொட்டுகிறது. 108-க்குப் போன் போட்டாயிற்று. ஆனால் சும்மா நிற்க முடியவில்லை அவருக்கு. இரண்டு சாவியையும் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். எலெக்ட்ரிக் காரில் 19 சதவீதம் என்று காட்டியிருக்கிறது. 'வழியில் நின்னுட்டா?' ஓடிப் போய்ப் பெட்ரோல் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

டிக்.

டிக். டிக்.

வாட்ச்மேன் வந்து என் கதவைத் தட்ட, நான் பனியனோடு கீழே வந்தபோது அவர் இன்னும் சாவியைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, போன ஞாயித்துக்கிழமைகூட ஸ்டார்ட் ஆச்சே தம்பி... போன ஞாயித்துக்கிழமைகூட..."

அவருடைய எலெக்ட்ரிக் காரிலேயே போனோம். நான் ஓட்டினேன். ஆஸ்பத்திரி ஆறு கிலோமீட்டர். அந்த வண்டியின் பாட்டரி 30 யூனிட். 19 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஐந்தே முக்கால் யூனிட். நிதானமாக ஓட்டினால் 40 கிலோமீட்டர். ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வந்து, ஃபிளாஸ்க்கை மறந்துவிட்டோம் என்று மறுபடியும் போய் வந்தாலும் மிச்சம் இருக்கும். கேஷுவால்டி வாசலில் நிறுத்தியபோது மீட்டரைப் பார்த்தேன். 16.

அந்த அம்மாள் பிழைத்துவிட்டார். இரண்டு ஸ்டென்ட். இப்போது காலையில் எனக்கு முன்னால் வாக்கிங் போகிறார். டாக்டர் மட்டும், "நல்ல வேளை, நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க" என்றார். மூன்றாவது மாடி ஸார் ஒன்றும் சொல்லவில்லை. கையில் அந்தப் பெட்ரோல் கார் சாவி இருந்தது. அதை வைக்க இடம் தெரியாமல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் மெக்கானிக் வந்து, "பாட்டரி படுத்துடுச்சு ஸார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஞாயிறு தவறாமல் ஸ்டார்ட் செய்த கார் ஏன் படுத்தது? நிறுத்தி வைத்த கார் தூங்குவதில்லை. அலாரம், கடிகாரம், எஞ்சினின் கம்ப்யூட்டர் எல்லாம் துளித்துளியாகப் பாட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் உறிஞ்சியதோடு, ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே மடக்கில் கொஞ்சம் குடித்துவிடும். ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டால், இவ்வளவும் திரும்பி வராது. வாரா வாரம் கொஞ்சம் பற்றாக்குறை. பட்ஜெட் மாதிரி. ஒரு நாள் கஜானா காலி.

சரித்திரத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹென்றி ஃபோர்டு 1908-ல் மாடல் டி என்ற பெட்ரோல் காரைக் கொண்டுவந்து உலகத்தையே அதில் ஏற்றிவிட்டார். ஆனால் அவர் மனைவி கிளாரா ஓட்டியது என்ன தெரியுமா? எலெக்ட்ரிக் கார்! வேறொரு கம்பெனி தயாரித்த, 1914-ஆம் வருட மாடல் 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்'. அமெரிக்காவில் டியர்பார்ன் நகரத்து மியூஸியத்தில் அந்தக் கார் இன்னும் இருக்கிறது. அதாவது, வீட்டில் ஒரு பெட்ரோல், ஒரு எலெக்ட்ரிக் என்பது நம் தலைமுறைக் கண்டுபிடிப்பில்லை.

அந்தக் காலத்துப் பெட்ரோல் காரை முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் எழுப்ப வேண்டும். கொஞ்சம் ஏமாந்தால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டை உடைக்கும். எலெக்ட்ரிக் காருக்கு அந்த வம்பெல்லாம் கிடையாது. பிறகு 1912-ல் காடிலாக் கார்களில், கெட்டரிங் என்ற எஞ்சினீயரின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. எலெக்ட்ரிக் காருக்கு இருந்த பெரிய சௌகரியம் ஒன்று அதோடு போயிற்று. இத்தனைக்கும் செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பது என்ன? ஒரு பாட்டரி, ஒரு சின்ன எலெக்ட்ரிக் மோட்டார்! ஆக, 'கரண்ட் இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் கார் ஓடாது' என்று பெட்ரோல் கார் வைத்துக்கொள்கிறவரின் வண்டியும் கரண்ட் இல்லாவிட்டால் எழுந்திருக்காது.

(எலெக்ட்ரிக் கார்க்காரர்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். உங்கள் வண்டியிலும் பெரிய பாட்டரியைத் தவிர 12 வோல்ட்டில் சின்ன பாட்டரி ஒன்று இருக்கிறது. கதவு, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் அதன் தயவு. அது செத்தால் பெரிய பாட்டரி 90 சதவீதம் நிறைந்திருந்தாலும் கார் கண்ணைத் திறக்காது. அதற்கும் வயது பாருங்கள்.)

பாட்டரி மட்டுமா? நின்ற காரின் டயர் ஒரே இடத்தில் அமுங்கி, ஓட்டும்போது தடதடக்கும். பிரேக் டிஸ்க்கில் துரு ஏறும். பெட்ரோலும் பழைய பெட்ரோல் இல்லை. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனால் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கிற ஜாதி. அரை டாங்க்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால், அடைமழை காலத்து உப்பு ஜாடி மாதிரி ஆகிவிடும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் ரப்பர், சீல் எல்லாம் இந்தக் கலவைக்கு ஏற்றபடி செய்தவை. அதற்கு முந்தைய பிறவிகள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை. வீட்டில் 'காவலுக்கு' நிற்கிற கார் பெரும்பாலும் முந்தைய பிறவிதான்.

அப்புறம் எலி. எலிக்குப் பெட்ரோல், எலெக்ட்ரிக் என்ற பாரபட்சம் கிடையாது. நகராத கார் அதற்கு வாடகை இல்லாத வீடு. பில்டிங்கில் ஆளுக்கு ஒரு வைத்தியம். ஒருவர் பானட்டுக்குள் புகையிலை வைக்கிறார். ஒருவர் அந்துருண்டை. முதல் மாடியில் ஒருவர் கற்பூரம் வைத்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வயரோடு கற்பூரத்தையும் காணோம். காரை நகர்த்துவதுதான் மருந்து என்றால் யாருக்கும் பிடிப்பதில்லை.

இப்போது என் கணக்கு. 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை ஒரு டயரி வைத்திருந்தேன். பெட்ரோல் கார் வெளியே போன ஒவ்வொரு தடவையும் 'எதற்கு' என்று ஒரு வரி. வீட்டில் கிண்டல்தான். "பால் கணக்கு எழுதச் சொன்னா எழுத மாட்டீங்க, கார் ஊர் சுத்தினதுக்கு நோட்டு!"

வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 38 நாள். அதில் நானும் மனைவியும் ஒரே நேரத்தில் வேறு வேறு திசையில் போக வேண்டியிருந்த நாள் நான்கு. எலெக்ட்ரிக் காரால் நிஜமாகவே முடியாமல் போன நாள் ஆறு. மிச்சம் 28 நாள்? காரைக் காற்றாட வெளியே கூட்டிப் போன நாள்! மூன்றாவது மாடி ஸார் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று, நாயை வாக்கிங் கூட்டிப் போகிற மாதிரி, பள்ளிக்கரணை வழியாக மேடவாக்கம் போய் ஒரு டீ குடித்துவிட்டு, சுற்றி வளைத்துத் திரும்புவேன். ஒவ்வொரு தடவையும் 20 கிலோமீட்டர். அதன் தேகப்பயிற்சிக்கே 40 லிட்டர் பெட்ரோல், 4,000 ரூபாய்.

அதை விட்டுவிட்டு மற்ற செலவைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ் 7,500. (இதில் மூன்றாம் நபர் பாகம் மட்டும், என் எஞ்சின் அளவுக்கு 2022 ஜூனில் அரசாங்கம் நிர்ணயித்தபடி 3,416. வண்டி ஓடினாலும் சரி, கவருக்குள் தூங்கினாலும் சரி.) ஃப்ளாட்டுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம், இரண்டாவது காருக்கு இன்னொருவர் இடத்துக்கு மாதம் 1,500 வாடகை, வருடத்துக்கு 18,000. சர்வீஸ், ஆயில் 6,500. பாட்டரி, எலி உபயம் வயரிங் இரண்டும் சேர்ந்து 5,500. அந்தக் காரை விற்றுப் பணத்தை பாங்கில் போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டி, வருடா வருடம் குறைகிற விலை இரண்டுக்குமாக 10,000. ஆக 47,500. ஆறால் வகுத்தால், அது நிஜமாகத் தேவைப்பட்ட ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7,900 ரூபாய்!

அந்தக் காசுக்கு டிரைவரோடு ஒரு டாக்ஸி எடுத்து, பின் சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போகலாம்.

மனைவி இதைக் கேட்டுவிட்டுக் கணக்கே போடாமல் சொன்னாள்: "ரெண்டு மாட்டைக் கட்டி வச்சிருக்கோம். ஒண்ணுதான் கறக்குது. இன்னொண்ணுக்குப் புல்லு மட்டும் போட்டுக்கிட்டிருக்கோம்."

அந்த ஆறு நாளையும் அலட்சியப்படுத்த முடியாது. ஒரு நாள் எலெக்ட்ரிக் கார் சர்வீஸில். ஒரு நாள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து, முந்தின ராத்திரி முழுக்க சார்ஜ் ஏறவில்லை. மற்ற நான்கும் அம்பாசமுத்திரம். எனக்குச் சொந்த ஊர். அப்பா அங்கேதான் இருக்கிறார். இரண்டு தடவை போய், இரண்டு தடவை திரும்பியது.

மடிப்பாக்கத்திலிருந்து அம்பை சுமார் 660 கிலோமீட்டர். என் எலெக்ட்ரிக் காருக்கு விளம்பரத்தில் எத்தனை சொன்னாலும், ஏ.ஸி. போட்டுக்கொண்டு மனுஷன் மாதிரி ஓட்டினால் 200-தான். (ஏ.ஸி.யை நிறுத்தி 220 ஆக்கலாம். முயற்சி செய்தேன். "கார் நிக்கறதுக்கு முன்னாடி நான் நின்னுடுவேன், ஏ.ஸி.யைப் போடுங்க" என்றாள்.) 2023 தீபாவளிக்கு அதில் போயும் பார்த்தாயிற்று. உளுந்தூர்பேட்டை, திருச்சி, மதுரை, கோவில்பட்டி என்று நான்கு இடத்தில் சார்ஜ். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்.

80 சதவீதத்துக்கு மேல் ஏற்ற நினைக்காதீர்கள். கிளாம்பாக்கத்தில் காலி பஸ் வந்து நின்றால் முதல் முப்பது பேர் ஓடி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கடைசி பத்துப் பேர்தான் 'இங்க ஆள் வருதா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்று நேரம் எடுத்துக்கொள்வார்கள். பாட்டரிக்குள்ளேயும் அதே கதைதான். இத்தனைக்கும் நடுவில் ஓரிடத்தில், சார்ஜருக்கு நேர் எதிரே ஒரு பெரிய டீசல் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஒரு குடும்பம் பொங்கல் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் இரண்டாவது காபி குடித்து முடிக்கும்வரை நான் கையில் சார்ஜர் குழாயோடு நின்றேன், தெருவிளக்குக் கம்பம் மாதிரி.

ஆக, பயம் முழுக்கப் பொய்யில்லை. நீண்ட தூரம் என்பது மட்டும் நிஜம்.

'கரண்ட் போயிட்டா' என்பது பாதி நிஜம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. புயலுக்கு முன்பே ஜனங்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். இரண்டு கார் வைத்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் அதன் பெருமை புரிந்தது. ஒன்றை ஏற்றிவிட்டு, நனைந்துகொண்டே திரும்பி வந்து, இன்னொன்றை ஏற்றி, அதற்கு இடம் தேடி... ஒரு கார்க்காரர்கள் வீட்டுக்குப் போய் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டார்கள்.

எலெக்ட்ரிக் காரில் முந்தின ராத்திரியே முழு சார்ஜ் ஏற்றியிருந்தேன். இந்தக் காலத்துப் புயல் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. மழை விட்ட பிறகு அந்த வாரம் முழுக்கப் பால், மருந்து, மாமியார் வீடு எல்லாவற்றுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. பெட்ரோல் பங்க்குகளில்தான் நீள வரிசை. பங்க்கிலும் பெட்ரோலைத் தரைக்கு அடியிலிருந்து மேலே இழுப்பது கரண்ட் மோட்டார்தான் என்பது நமக்கு சாதாரண நாளில் தோன்றுவதில்லை.

பெங்களூரில் 2001-ல் ரேவா என்ற குட்டி எலெக்ட்ரிக் கார் வந்தது. ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர். வீட்டில் ஏற்கெனவே பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் மார்க்கெட்டுக்குப் போய்வர வாங்குகிற இரண்டாவது கார் அது. நார்வேயிலும் ஆரம்பத்தில் எலெக்ட்ரிக் வாங்கியவர்களில் பெரும்பாலோர் வீட்டில் இன்னொரு கார் இருந்தது. அங்கே 2024 செப்டம்பரில் எலெக்ட்ரிக் கார்களின் எண்ணிக்கை பெட்ரோல் கார்களைத் தாண்டிவிட்டது. எது முதல் கார், எது இரண்டாவது கார் என்பது எந்த நாளில் மாறியது என்று எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் பார்த்தால் பெட்ரோல் கார் கவருக்குள் இருக்கும்.

கான்டீன் பையன்களுக்கு நான் சொன்னது இதுதான். வீட்டில் இரண்டு பேர் தினமும் வேறு வேறு பக்கம் போகிறீர்களா? பெட்ரோல் கார் தாராளமாக இருக்கட்டும். ஓடுகிற காரால் ஒரு பிரச்னையும் இல்லை. அப்போதும் தினசரி பத்துக் கிலோமீட்டர் வேலையை எலெக்ட்ரிக்குக்குக் கொடுங்கள், நீளமானதைப் பெட்ரோலுக்குக் கொடுங்கள். பெட்ரோல் எஞ்சினுக்குக் குட்டிக் குட்டிப் பயணம் ஆகாது. ஆயில் சூடாவதற்குள் வீடு வந்துவிடும், உள்ளே கோத்த ஈரம் வெளியேறாது. எலெக்ட்ரிக்குக்கு அந்தக் கவலை கிடையாது. பெட்ரோல் காரில் பத்துப் பதினைந்து நாள் ஊருக்குப் போவதாக இருந்தால், எலெக்ட்ரிக்கைப் பாதி சார்ஜில் விட்டுவிட்டுப் போங்கள். நூறு வரை ஏற்றி வெயிலில் நிறுத்தாதீர்கள்.

பயத்துக்காக மட்டும் வைத்துக்கொள்வதாக இருந்தால் ஆறு மாதம் டயரி எழுதிப் பாருங்கள். நிஜமாகத் தேவைப்பட்ட நாள் மூன்றோ நான்கோதான் என்றால், நல்ல விலைக்குப் போகிறபோதே கொடுத்துவிடுங்கள். கொடுக்க மனசு வரவில்லையா? வாரம் ஒரு தடவை 20 கிலோமீட்டர் ஓட்டியே தீர வேண்டும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிடுகிற வழிபாடு வேண்டாம். மூன்று பேரில் ஒருவன், "ஸார், சண்டே காலைல எழுந்து அதை ஓட்டணுமா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்ப வித்துடறேன் ஸார்" என்று எழுந்து போய்விட்டான். பிழைக்கத் தெரிந்த பையன்.

என் காருக்கு 2025 நவம்பரோடு பதினைந்து வயது முடிந்தது. ஆர்.ஸி.யைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன்னால் 600 ரூபாயாக இருந்த கட்டணம் இப்போது 5,000. அதோடு பசுமை வரி. அதோடு, இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு லட்சணமாகத் தெரிய டிங்கரிங், பெயின்டிங். ஐந்து வருடத்துக்கு உயிர் கிடைக்கும். கட்டுவதா, கொடுத்துவிடுவதா? விலை கேட்க வந்த புரோக்கர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சிலேயே பத்தாயிரம் குறைந்துவிட்டது.

அப்போதுதான் அந்த டயரியை இன்னொரு தடவை புரட்டினேன். ஆறில் நான்கு நாள் அம்பாசமுத்திரம். அப்படியானால் அந்தப் பெட்ரோல் கார் மடிப்பாக்கத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது? அது இருக்க வேண்டிய இடம் அம்பை அல்லவா? எழும்பூரில் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், காலையில் திருநெல்வேலி. அங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். 660 கிலோமீட்டரை ரயில் பார்த்துக்கொள்ளும்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், வயது 72. இன்னும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பார். நான் எலெக்ட்ரிக் வாங்கிய நாளிலிருந்து, "ஏலே, நடுவழில கரண்டு தீந்து போச்சுன்னா என்னலே செய்வ? கேன்ல புடிச்சிட்டு வருவியோ?" என்று வாரம் ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தவர்.

"அப்பா, பழைய காரை அங்க கொண்டாந்து விட்டுடறேன். நீங்க தினமும் ஓட்டுங்க. நான் வரும்போது அதை எடுத்துக்கறேன்."

"நல்லாருக்கே! கொண்டா. வண்டின்னா அதுதாம்லே வண்டி. சத்தம் வேண்டாமா?"

அங்கேயே விலாசம் மாற்றி, புதுப்பித்து, இப்போது அம்பையில் ஓடுகிறது. காலையில் மார்க்கெட், பாங்க், வாரத்தில் இரண்டு நாள் ஆற்றைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சியில் அத்தை வீடு, வெள்ளிக்கிழமை பாபநாசம் கோயில். தினமும் ஓடுவதால் பாட்டரி ஜம்மென்று இருக்கிறது. எலி குடும்பத்தோடு வீடு மாறிவிட்டது. மழை நாளில் தானாக அடிக்கிற ஹாரனை மட்டும் அம்பை மெக்கானிக்காலும் நிறுத்த முடியவில்லை.

போன வாரம் அப்பா போன் செய்தார். குரலில் கொஞ்சம் சலிப்பு.

"ஏலே, வண்டி பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்கி. பத்து நாளைக்கு ஆயிரம் ரூவா ஓடிப்போவுது."

"குட்டிக் குட்டி டிரிப்பா போறீங்கல்லப்பா, அப்படித்தான் குடிக்கும்."

"ம்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார், கான்டீன் பையன்கள் மாதிரியே. "நம்ம தெருவுல ஒருத்தன் கரண்டு காரு வாங்கிருக்கான். மார்க்கெட்டுக்கும் பாங்குக்கும் போய்வரத் தோதா இருக்குங்கான். என்ன வெலைலே வரும் அது? வாங்கினா, இந்த வண்டி பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும். ஒரு அவசரத்துக்கு ஆவும்லா?"